கட்டை வெட்டுற ஊரு: வாச்சாத்திக்கு வைக்கப்பட்ட பெயர்கள்

1

ஓர் ஊருக்குப் பெயர் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, அங்கே குடியிருக்கிற சனங்கள் வைத்துக்கொண்ட பெயர். மற்றது, அந்த ஊரில் ஒருநாளும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் வைத்த பெயர். முதல் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். இரண்டாவது பெயர் எதிலும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் டீக்கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரின் தலைக்குள் அது எப்போதும் தயாராக இருக்கும். ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் அதிகமாக வேலை செய்திருப்பது இந்த இரண்டாவது பெயர்தான். நம் வரலாற்றாசிரியர்கள் முதல் பெயருக்குச் சொல்லாராய்ச்சி செய்கிறார்கள். இரண்டாவது பெயரை யார் வைத்தது, எதற்காக வைத்தது, அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பதில்லை.

நான் அரூர் வட்டாரத்துக் காலனி ஒன்றில் பிறந்தவன். எங்கள் காலனிக்கும் இரண்டாவது பெயர் உண்டு. சாராயக் காலனி. காய்ச்சியது இரண்டே இரண்டு வீடு. குடித்தது ஊர்த்தெரு. காய்ச்சினவனுக்குப் பணம் கொடுத்து வைத்திருந்ததும் ஊர்த்தெருதான். ஆனாலும் பெயர் எங்களுக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு பேனா காணாமல் போனால் முதலில் கொட்டிப் பார்க்கப்படுவது காலனிப் பிள்ளைகளின் பை. பேனா கிடைக்காவிட்டாலும் சந்தேகம் எங்களிடமே தங்கிவிடும். எங்கம்மா சொல்லும்: "பேரு கெட்டவனுக்கு எதுக்குடா சாட்சி? அவன் பேரேதான் சாட்சி." எழுதப் படிக்கத் தெரியாத அம்மா சொன்ன இந்த வார்த்தையில் இந்தியக் குற்றவியல் நடைமுறையின் பாதி அடங்கியிருக்கிறது என்று பின்னால் சட்டம் படித்த தோழர்களோடு பேசும்போது தெரிந்தது.

இந்தக் கட்டுரை எங்கள் காலனியைப் பற்றியதல்ல. எங்களுக்கு எட்டின தூரத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற வாச்சாத்தியைப் பற்றியது. ஏறத்தாழ 650 பேர் வாழ்ந்த ஒரு சின்ன ஊர். மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். அதற்கு இரண்டாவது பெயர் வைக்கப்பட்ட விதமும், அந்தப் பெயரின் பேரில் 1992 ஜூன் 20இல் அரசாங்கம் அங்கே நடத்திய காரியமும், அந்தப் பெயரைக் கழற்றி எறிய அந்தச் சனங்களுக்கு 31 வருடங்கள் ஆனதும் நம் வரலாறு என்பதாகவே நான் நினைக்கிறேன்.

2

மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்பதுதான் அவர்கள் சொல்லிக்கொள்கிற பொருள். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, ஜவ்வாது மலை, சித்தேரி மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் உடைந்த துண்டுகளில் எல்லாம் பரவிக் கிடக்கிறவர்கள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று அவர்களிடையே ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சாமை, கேழ்வரகு, தினை விதைப்பு. ஆடு மாடு. தேன், கடுக்காய், நெல்லி, புளி என்று காடு கொடுக்கிறது.

இந்தக் காடு யாருடையது என்கிற கேள்விக்கு 1882இல் வெள்ளைக்காரன் ஒரு பதில் எழுதினான். சென்னை வனச் சட்டம். சட்டத்தின் வழி சுலபமானது. இன்ன எல்லைக்குள் இருப்பது ஒதுக்கப்பட்ட காடு என்று அறிவிப்பு வரும். உரிமை கோருகிறவர்கள் இன்ன தேதிக்குள் வந்து கோர வேண்டும். பட்டா என்றால் என்னவென்று அறியாத சனம், அறிவிப்பை வாசிக்கத் தெரியாத சனம், மலையிறங்கி வந்து எந்தக் காகிதத்தைக் காட்டும்? கெடு முடிந்தது. காடு சர்க்கார் சொத்தாயிற்று. அதுவரை கொத்துக்காடு போட்டவன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். அதுவரை விறகு பொறுக்கினவள் திருடி ஆனாள். அந்தச் சனங்களின் நடத்தையில் ஒரு மாற்றமும் இல்லை. நேற்றுச் செய்த வேலையைத்தான் இன்றும் செய்தார்கள். மாறியது சட்டம். குற்றவாளி ஊர் என்பது இப்படித்தான் பிறக்கிறது. 2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ள 124 வருடம்.

மரங்களிலும் சாதி உண்டு. சந்தனம் மேல்சாதி மரம். மைசூரில் அது ராஜமரம். தமிழ்நாட்டிலும் சர்க்காரின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த மரம். தன் நிலத்திலே முளைத்தாலும் ஒரு குடியானவன் அதைத் தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ள முடியாது. விலை ஏற ஏற மரத்துக்குக் காவல் கூடியது. காவல் கூடக் கூட கடத்தலின் லாபமும் கூடியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சந்தனக்கட்டை தானாக நடந்து போகாது. அதை வெட்ட ஒரு ஆள் வேண்டும், சுமக்க ஒரு ஆள் வேண்டும். இவை இரண்டும் கூலி வேலை. பிறகு லாரி வேண்டும். வழியிலே செக்போஸ்ட் திறக்க வேண்டும். பதுக்க இடம் வேண்டும். எண்ணெய் இறக்க ஆலை வேண்டும். வாங்க வெளியூரில், வெளிநாட்டில் ஆள் வேண்டும். இந்த நீண்ட சங்கிலியில் மலையடிவாரத்துச் சனத்துக்கு ஏதாவது இடம் உண்டென்றால் அது முதல் இரண்டு கண்ணிகளில் மட்டும்தான். லாரி வைத்திருக்கிற கடத்தல்காரனுக்குக் குடிசை இருக்காது. ஆனால் பிடிபடுவது கடைசிக் கண்ணி இல்லை, முதல் கண்ணி. கண்ணுக்குத் தெரிகிற கண்ணி அதுதான். திருப்பி அடிக்க முடியாத கண்ணியும் அதுதான்.

வீரப்பன் நடமாடிய சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகள் எங்கோ இருக்கின்றன, சித்தேரி எங்கோ இருக்கிறது. ஆனாலும் 1990களின் தொடக்கத்தில் சந்தனம் என்கிற வார்த்தை பத்திரிகையில் வந்தால் போதும், எல்லா மலையும் ஒரே மலையாகிவிடும். மலையில் குடியிருக்கிறவன் எல்லாம் அவன் ஆள் ஆகிவிடுவான். எங்கள் பக்கத்து பஸ்ஸில் அப்போது சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்: "அது கட்டை வெட்டுற ஊருப்பா." இப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் வாச்சாத்தியை எட்டியும் பார்த்ததில்லை.

3

1992 ஜூன் 20, சனிக்கிழமை. காலையில் சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறையினருக்கும் ஊராருக்கும் தகராறு. ஊர்க்காரர் ஒருவரை அடித்தார்கள், பதிலுக்கு வனத்துறை ஊழியர் ஒருவருக்கும் அடி விழுந்தது. அதற்குப் பிறகு வந்தது சோதனை இல்லை, படையெடுப்பு. வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். மொத்தம் 269. ஊரில் இருந்த சனம் சுமார் 650 என்றால், குழந்தை கிழவி உட்பட இரண்டரைப் பேருக்கு ஓர் அரசாங்க ஊழியர்.

ஆண்களில் பலர் மலைக்குள் ஓடிப்போனார்கள். அகப்பட்டவர்களை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், ஆலமரத்தடியில் கூட்டிவைத்து அடித்தார்கள். பதுக்கின கட்டையைக் காட்டு என்று சொல்லி 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோனார்கள். பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் 13 வயதுப் பள்ளிச் சிறுமி உண்டு. கர்ப்பிணி உண்டு. பிறகு அரூர் வனச்சரக அலுவலகத்துக்கு ஏற்றிப்போய் இரவெல்லாம் வைத்திருந்தார்கள். அங்கே ஊர்க் கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கச் சொல்லி அந்தப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். ஓர் ஊரை அடிப்பது வேறு, ஊரின் கையாலேயே ஊரை அடிக்க வைப்பது வேறு. இந்த இரண்டாவது வேலை தலித் சேரிகளில் காலம்காலமாக நடந்து பார்த்த வேலை. அதனால்தான் வாசிக்கிறபோது நமக்கு உடனே புரிகிறது.

வீடுகள் இடிக்கப்பட்டன. தானியம், பாத்திரம், துணிமணி எல்லாம் நாசம். ஆடு கோழிகள் அறுத்துத் தின்னப்பட்டன. கிணற்றுத் தண்ணீர் கெடுக்கப்பட்டது. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் போயின. கார்டும் சான்றிதழும் போனதைச் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது. நான் முதலில் சொன்னேனே, ஊரின் முதல் பெயர் இருக்கிற இடம் அதுதான். அதை அழித்துவிட்டால் மிச்சமிருப்பது இரண்டாவது பெயர் மட்டும்.

133 பேர் சேலம் மத்தியச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்கள் 15. பெண்கள் 90. குழந்தைகள் 28. இந்தக் கணக்கைத் திரும்ப ஒருதரம் வாசியுங்கள். ஒரு பயங்கரமான கடத்தல் ஊரைப் பிடித்துவிட்டோம் என்று அரசாங்கம் சொல்கிறது. பிடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்களும் குழந்தைகளும். அரசாங்கத்தின் கணக்கே அரசாங்கத்தின் கதையை மறுக்கிறது. ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் பெயர் ஏற்கெனவே இருந்தது. "பேரேதான் சாட்சி."

4

கெட்ட பெயர் சாட்சியாகிறது என்றால் நல்ல பெயரும் சாட்சியாகும். இது ஒரே தராசின் இரண்டு தட்டு. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அவ்வளவு நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இந்தக் காரியத்தைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெரிய மனிதன் செய்யமாட்டான், சேரிக்காரன் செய்வான். பெயரே தீர்ப்பு.

வாச்சாத்தியிலும் இதே தராசுதான் முதலில் தூக்கப்பட்டது. அன்றைய அரசாங்கம் குற்றச்சாட்டைப் பகிரங்கமாக மறுத்தது. சந்தனக் கடத்தலை மறைக்கக் கட்டிவிட்ட கதை என்கிற தொனியில்தான் பேச்சு. படித்த அதிகாரிகள், குடும்பம் குட்டி உள்ளவர்கள், அவர்களா இப்படிச் செய்வார்கள் என்று படித்தவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சீருடைக்குள் இருப்பவன் நல்லவன், மலைக்காட்டில் இருப்பவன் பொய்யன் என்கிற நம்பிக்கை. அது அனுபவத்தில் இருந்து வந்ததில்லை. சாதியிலிருந்து வந்தது.

இந்த நம்பிக்கைக்குச் சட்ட வடிவமும் இருந்திருக்கிறது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் அது விரிவாக்கப்பட்டபோது சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. ஒரு சாதியை முழுசாகக் குற்றவாளி என்று அறிவிக்கலாம். பெயர்ப் பதிவு, கைரேகை, ஊரைவிட்டுப் போக அனுமதி. நம் சனங்கள் ரேகைச் சட்டம் என்று சொல்லிக் காறித் துப்பியது இதைத்தான். சென்னை மாகாணத்தில் 1947இல் ரத்தானது, நாடு முழுக்க 1952இல் போயிற்று. சட்டம் போனதே தவிர அதன் புத்தி போகவில்லை. தனிமனிதன் குற்றம் செய்கிறான், அதற்குச் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும் என்பது ஊர்த்தெருவுக்கான சட்டம். ஊரே குற்றம் செய்கிறது, ஆகவே ஊரையே அடிக்கலாம் என்பது சேரிக்கும் மலைக்குமான சட்டம். வாச்சாத்திக்குள் நுழைந்த 269 பேருக்கும் இந்த இரண்டாவது சட்டத்தை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே கற்றிருப்பார்கள்.

5

ஊர் பேசத் தொடங்கியது எப்படி என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1992 ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் சித்தேரிப் பக்கம் வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிகிறது. சங்கத்தின் அன்றைய பொறுப்பாளர் பெ. சண்முகமும் தோழர்களும் வாச்சாத்திக்குள் போனார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் முதலமைச்சருக்கு எழுதினார், பின் நீதிமன்றத்துக்குப் போனார். ஜனநாயக மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் போன்றவர்கள் பெண்களின் வாக்குமூலங்களைக் கேட்டுப் பதிந்தார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்துக் கொடுத்த அறிக்கை மக்கள் சொன்னதை உறுதி செய்தது. அரசாங்கத்துக்கு உள்ளே இருந்து வந்த முதல் உண்மை அது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 1996இல் 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை.

அப்புறம் வழக்கு ஊர் ஊராக நகர்ந்தது. நகர்ந்தது வழக்கு என்றால் நடந்தது யார்? கூலி வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி இறங்கி, கூண்டில் நின்று, அன்றைக்கு உனக்கு என்ன நடந்தது என்கிற கேள்விக்கு அந்நிய ஆண்கள் முன்னால் பதில் சொன்னவர்கள் அந்தப் பெண்கள். ஒருதரம் இல்லை. பல வருடங்கள். விலை பேசினால், மிரட்டினால், வருடங்களை இழுத்தடித்தால் ஏழை சனம் சாட்சியை மாற்றிவிடும் என்பது இந்த நாட்டில் எல்லா வக்கீல்களும் அறிந்த சூத்திரம். எத்தனையோ வன்கொடுமை வழக்குகள் இந்தச் சூத்திரத்தில்தான் செத்துப்போயிருக்கின்றன. வாச்சாத்தியில் அது பலிக்கவில்லை.

2011 செப்டம்பர் 29. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். வனத்துறையினர் 126, போலீஸார் 84, வருவாய்த்துறையினர் 5. இந்திய வனப் பணி அதிகாரிகளும் அதில் அடக்கம். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமாயிற்று. அவர்களில் 12 பேருக்குப் பத்து வருடம், 5 பேருக்கு ஏழு வருடம். மேல்முறையீடு போனார்கள். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல், முதல் தீர்ப்புக்குச் சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய், இறந்துபோனவர்களின் பங்கு குடும்பத்துக்கு. அதில் 5 லட்சம் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கப்பட வேண்டும். அன்றைய மாவட்ட ஆட்சியர், போலீஸ் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இன்னொன்று. நிஜமான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இந்த நாடகம் நடத்தப்பட்டது, அதில் அப்பாவிப் பழங்குடிப் பெண்கள் பலியாக்கப்பட்டார்கள் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதாவது, கட்டை வெட்டுற ஊரு என்கிற பெயர் தற்செயலாக வந்ததில்லை. அது உபயோகத்துக்காக வைக்கப்பட்ட பெயர். சங்கிலியின் முதல் கண்ணிமீது அத்தனை வெளிச்சத்தையும் பாய்ச்சிவிட்டால் மற்றக் கண்ணிகள் இருட்டில் பத்திரமாக இருக்கும்.

6

பெயர் கழன்றதா என்றால், ஒன்று கழன்றது. இன்னொன்று ஒட்டிக்கொண்டது.

அந்த நாளையப் பத்திரிகைகள் உபயோகித்த சொல் கற்பழிப்பு. குற்றம் செய்தவன் செயலைச் சொல்கிற சொல்லாக அது இல்லை. பெண்ணிடம் கற்பு என்கிற ஒரு சாமான் இருந்தது, அது அழிந்துவிட்டது என்று சொல்கிற சொல் அது. திருடனைப் பற்றிப் பேசாமல், பறிகொடுத்தவள் இனி மதிப்பிழந்தவள் என்று முத்திரை குத்துகிற சொல். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சின்போது "அந்த ஊரா?" என்று இழுப்பார்கள். முன்பு இழுத்தது கட்டைக்காக. பின்பு இழுத்தது இதற்காக. அநியாயம் நடந்தது என்று ஒத்துக்கொண்டவர்கள்கூட, பரிதாபப்பட்டவர்கள்கூட, அந்த ஊர்ப் பெண் என்றால் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார்கள். பரிதாபமும் ஒரு முத்திரைதான். அதற்கு மை கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவே.

ஆகவே அந்த 18 பேரில் ஒருவருடைய பெயரையும் நான் எழுதவில்லை. அவர்கள் வெட்கப்பட வேண்டியவர்கள் என்பதால் இல்லை. அவர்களில் சிலர் பத்திரிகையாளர் முன்னால் நேர்நின்று பேசியிருக்கிறார்கள், அது அவர்கள் எடுத்த முடிவு. அவர்கள் பெயரை எடுத்து உபயோகிக்க எனக்கு உரிமை கிடையாது என்பதால் எழுதவில்லை. பதிலுக்கு நான் எழுத விரும்புவது வேறு ஒரு கணக்கு. ஒரு மாநில அரசாங்கத்தின் மூன்று துறைகளை எதிர்த்து, சாட்சியை மாற்றாமல், 1992இலிருந்து 2023 வரை நின்ற ஊர் இது. தமிழ்நாட்டில் இப்படி எத்தனை ஊர் இருக்கிறது? சாட்சி சொன்ன ஊர் என்பதுதான் அதன் வரலாற்றுப் பெயர். அந்தப் பெயரை அதற்கு யாரும் வைக்கவில்லை. அதுவே சம்பாதித்துக்கொண்டது.

7

ஒரு கேள்வி வரும். வந்திருக்கிறது. எங்கள் காலனியிலேயே ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "அண்ணே, அவங்க எஸ்.டி., நாம எஸ்.சி. பேருக்குப் பின்னால கவுண்டர்னு போட்டுக்கறாங்க. அவங்க கதை நமக்கு எதுக்கு?" நியாயமான கேள்விதான். மூடி மறைக்கக்கூடாது. மலையாளிகள் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். தங்களைச் சேரியோடு சேர்த்துப் பேசுவதை அவர்களில் பலர் விரும்பமாட்டார்கள். சாதிப் படிக்கட்டில் ஒவ்வொருத்தனுக்கும் கீழே ஒருத்தனைக் காட்டி வைத்திருப்பதுதானே இந்த அமைப்பின் சாமர்த்தியம்.

ஆனால் அந்தப் பட்டம் 1992 ஜூன் 20இல் அவர்களைக் காப்பாற்றியதா? ஊர்க் கவுண்டர் என்கிற மரியாதை துடைப்ப அடியில் முடிந்தது. சமவெளியின் ஆதிக்கச் சாதிக் கிராமம் ஒன்றுக்குள் 269 பேர் போய் இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு அன்றிரவு வீட்டுக்குத் திரும்பியிருக்க முடியுமா? முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். நம்மையும் அவர்களையும் ஒன்றாக்குவது பட்டமோ பட்டியலோ இல்லை. யாரை அடித்தால் கேட்க நாதியில்லை என்று அதிகாரம் போட்டு வைத்திருக்கிற கணக்குத்தான் ஒன்றாக்குகிறது.

பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்களின் தோற்றம் பற்றி எழுதிய நூலின் முன்னுரையிலேயே மூன்று கூட்டத்தை ஒன்றாக நிறுத்துகிறார். குற்றப் பரம்பரையினர் என்று முத்திரையிடப்பட்டவர்கள் ஏறத்தாழ இரண்டு கோடி, பழங்குடிகள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி, தீண்டப்படாதவர்கள் ஏறத்தாழ ஐந்து கோடி. இப்படிப்பட்ட மூன்று கூட்டத்தை உண்டாக்கி வைத்திருக்கிற ஒன்றை நாகரிகம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. திருடன் என்று பெயர் வாங்கினவன், காட்டுமிராண்டி என்று பெயர் வாங்கினவன், தீட்டு என்று பெயர் வாங்கினவன். மூன்று பெயரும் ஒரே கையெழுத்து. இதை அவர் அன்றைக்கே பார்த்துவிட்டார். நாம்தான் எஸ்.சி., எஸ்.டி., டி.என்.டி. என்று மூன்று வரிசையில் தனித்தனியாக நின்று சான்றிதழுக்குக் காத்திருக்கிறோம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் நீளமானதில்லை. "நம்ம காலனிக்கு என்னா பேருடா?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. யோசித்தான்.

8

நண்பர்களுக்கு, குறிப்பாகக் கல்லூரியில் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. வாச்சாத்திக்கு ஆணையம் வந்தது, சி.பி.ஐ. வந்தது, உயர் நீதிமன்ற நீதிபதியே நேரில் வந்தார். அதனால் அதன் பெயரின் கதை இப்போது தீர்ப்பிலே எழுதப்பட்டிருக்கிறது. வராத ஊர்கள்தான் அதிகம். உங்கள் மாவட்டத்தில் சாராய ஊர், திருட்டு ஊர், கஞ்சா ஊர், சண்டைக்கார ஊர் என்று சொல்லப்படுகிற ஊர்களின் பட்டியலை எடுங்கள். பெரும்பாலும் அது சேரியாக, குறவர் குடியிருப்பாக, இருளர் குடியிருப்பாக, மலைக் கிராமமாகத்தான் இருக்கும். அங்கே போய் உட்காருங்கள். இந்தப் பெயர் எப்போதிருந்து, முதலில் சொன்னது யார், அப்போது அங்கே நிலத் தகராறா, கூலித் தகராறா, காட்டுத் தகராறா, தேர்தல் தகராறா என்று கிழவிகளைக் கேளுங்கள். அவர்கள் தேதி சொல்லமாட்டார்கள். எந்த விளைச்சலின்போது, யார் வயிற்றில் யார் இருந்தபோது என்று சொல்வார்கள். அதிலிருந்து தேதியை நீங்கள் கண்டுபிடிக்கலாம். பிறகு ஸ்டேஷனில், தாலுக்கா ஆபீசில், பழைய பத்திரிகையில் எதிர்த்தரப்புக் காகிதத்தைத் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பெரிய மனிதர்களின் ஊர்களுக்குத் தலபுராணம் உண்டு. நம் ஊர்களுக்கு முதல் தகவல் அறிக்கை மட்டும்தான் உண்டு. அந்த அறிக்கைக்குப் பதில் எழுதுவதுதான் நம் வரலாறு எழுதும் வேலை. வாச்சாத்திச் சனங்கள் தங்கள் பதிலைக் கூண்டில் நின்று சொல்லிவிட்டார்கள். எங்கள் காலனியின் பதிலை நான் இன்னும் எழுதவில்லை. அடுத்து எழுதப்போவது அதைத்தான்.